துரைசானி நடந்தே ஏறும் நாள்

கோடைக்கானலில் தேவாலய மணி அடித்துக்கொண்டிருக்கிறது. ஏரிக்கரையிலிருந்து ஏறும் செங்குத்துப் பாதையில் பருமனான ஒரு வெள்ளைக்காரத் துரைசானி குடையை ஊன்றி ஊன்றி நடக்கிறார். மற்ற நாளில் அவரை டோலியில் தூக்கிப் போகிற நான்கு பேரும் இன்று வெளுத்த வேட்டியோடும் வெறுங்கையோடும் பின்னால் வருகிறார்கள்.

"டோலி எங்கே?" என்று அவர்களில் மூத்தவரிடம் கேட்கிறேன்.

"ஞாயித்துக்கெழமைங்க. அவுக சாமி ஓஞ்சிருந்த நாளாம், எங்களுக்கும் ஓய்வு குடுக்கணுமாம். நடந்துதான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாக."

"அப்புறம் வீட்டில் படுக்காமல் ஏன் வருகிறீர்கள்?"

"மணி நின்னு பூசை தொடங்குறதுக்குள்ள ஏறிருவாகளான்னு தெரியாம எப்பிடிங்க படுக்க?"

கடைசி வளைவில் துரைசானி நின்றேவிடுகிறார். முகம் செக்கச் செவேலென்றிருக்கிறது. மணியோசையும் தளர்கிறது. நால்வரும் ஓடிப்போய் அவரைச் சூழ்ந்துகொண்டு, மேடேறும்போது டோலிக்குப் போடும் கூவலைப் போடுகிறார்கள். அந்தத் தாளத்துக்குத் துரைசானியின் பூட்ஸ் எழும்புகிறது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நானும் சேர்ந்து கத்துகிறேன்!

கடைசி மணிக்கு அவர் தேவாலய வாசற்படியில் கால் வைக்கிறார். மூத்தவர் பாறையில் பொத்தென்று உட்கார்ந்து கழுத்தைத் துடைக்கிறார்.

"தூக்குற அன்னைக்குக்கூட இப்பிடி மூச்சு வாங்காதுங்க!"