நகர்ந்த குரல்

ஆந்திர மாநிலம் தனியே அமைந்து சில ஆண்டுகள் கழிந்திருந்தன. எல்லைச் சிக்கல் மட்டும் தீர்ந்தபாடில்லை. அந்நாளைய ஒரு கோடையில், சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், குடிபாலாவை ஒட்டிய ஒரு மாந்தோப்பில் நடந்த நிகழ்ச்சி இது.

நான் அப்போது சித்தூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியன். வயது இருபத்து நான்கு. பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஒரு பள்ளி அத்தோப்பில் பத்து நாள் கோடை முகாம் நடத்தியது. பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையிலான முப்பது பேர், ஆண்களும் பெண்களுமாக வந்திருந்தனர். பாதிப் பேர் தமிழ் பேசுவோர், பாதிப் பேர் தெலுங்கு பேசுவோர். விடுமுறையில் உதவிக்கு வரும்படி கேட்டார்கள், சென்றேன்.

இரக்கப்படும் மனநிலையோடுதான் சென்றேன் என்பதை மறைப்பதற்கில்லை. அம்மனநிலை இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டு அடைத்து, அது உருளும் ஓசையைக் கொண்டே பந்தாடினார்கள். கயிறு இழுத்தார்கள். மாலையானால் தோப்பு நடுவே வட்டமாக அமர்ந்து பாட்டும் கோலாட்டமுமாக ஆரவாரம் செய்தார்கள். அவர்களுக்கு மிகவும் பிடித்த பொழுதுபோக்கு, என்னைப் போலப் பேசிக் காட்டுவது. ஒருவன் எழுந்து, "அன்பர்களே, அருள்கூர்ந்து அமைதி காத்தருள்க!" என்பான். மற்றொருவன், "சாப்பிடக் கூப்பிடுறாரா, சாமி கும்பிடக் கூப்பிடுறாரா?" என்பான். தோப்பே சிரிக்கும். தெலுங்குப் பிள்ளைகள் பொருள் புரியாமலேயே என் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அந்தக் குரலுக்காகத்தான் ஓட்டப் பந்தயத்தில் எனக்கு ஒரு பணி கொடுத்தார்கள். நூறு கஜத் தொலைவின் முடிவில் நான் நின்றுகொண்டு, ஓடுபவரை "வா... வா... வா..." என்று இடைவிடாது அழைக்கவேண்டும். ஓடுபவர் அக்குரலை நோக்கி நேராக ஓடி வருவார். குரல்கள் கலந்துவிடக்கூடாது என்பதால், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஓடுவார். நிறுத்துக் கடிகாரம் வைத்து நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள்.

உடற்பயிற்சி ஆசிரியர் திருப்பதிக்காரர். அவரும் பார்வையற்றவரே. முதல் நாளே எனக்கு இரண்டு விதிகளைச் சொன்னார். "சார், கூப்பிடற ஆளு கல்லு மாதிரி நிக்கணும். நகரவே கூடாது. இன்னொண்ணு, ஏதாச்சும் ஆபத்துன்னா வாயை மூடிடுங்க. சத்தம் நின்னா பசங்க நின்னுடுவாங்க, அங்கயே ஒக்காந்துடுவாங்க. நில்லு கில்லுன்னு கத்தக்கூடாது."

விதிகள் எளியவை. ஒன்பது நாள் பிழையின்றிக் கடைப்பிடித்தேன்.

என் குரலுக்கு ஓடியவர்களில் ஒருத்தி நகரிப் பக்கத்து உழவர் வீட்டுப் பெண், பதினைந்து வயது. தாவணியை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, தலையைச் சற்றே வலப்புறம் சாய்த்து, அம்பு போல வருவாள். அவளைப் பள்ளிக்கு அனுப்பவே அவள் தந்தை ஓராண்டு தயங்கினாராம். "என்னா ஆவுதோன்னு பார்த்துட்டு, சரிப்படலைன்னா ஊட்டுக்கே இட்டுக்கினு போயிடுவேன்" என்று சொல்லித்தான் சேர்த்தாராம். முகாமின் இறுதி நாள் போட்டிகளைக் காண அவரும் வந்திருந்தார். மகளின் படிப்பு அன்று அவர் காணப்போகும் காட்சியைப் பொறுத்தே இருந்தது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஓடுதளம் நிலக்கடலை பிடுங்கிய வெற்று நிலம். ஓடி வருபவருக்கு இடப்புறம், நான் நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால், எருது கட்டி நீர் இறைக்கும் பெரிய கிணறு ஒன்று இருந்தது. அவ்வட்டாரக் கிணறுகள் பலவற்றைப் போல அதற்கும் சுற்றுச்சுவர் கிடையாது. முகாமுக்காகச் சுற்றிலும் முள் போட்டு அடைத்திருந்தார்கள். அன்று காலை, வந்திருந்த கூட்டத்துக்குத் தண்ணீர் மொள்ள ஓடுதளத்தை நோக்கிய பக்கத்தில் முள்ளை விலக்கிவிட்டு, திரும்ப வைக்க மறந்துபோனார்கள். கிணற்றுக்கு அப்பால் வண்டிப்பாதையும் புளிய மரங்களும் இருந்தன.

கடைசியாக ஓடவேண்டியவள் அவள்தான். நான் அழைக்கத் தொடங்கினேன். அவள் புறப்பட்டாள். அவ்வேளையில் வண்டிப்பாதையில் ஒரு ஜீப் வந்து புளிய மர நிழலில் நின்றது. அதிலிருந்து இறங்கியவர் வருவாய்த் துறை அதிகாரி ஒருவர்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எல்லை எந்தப் பக்கம் முடிவானாலும், எங்கள் சித்தூர்ப் பள்ளியின் தமிழ்ப் பிரிவு நீடிக்குமா என்ற கவலை அந்நாளில் என்னை அரித்துக்கொண்டிருந்தது. அந்த அதிகாரியின் சொல்லுக்கு மதிப்புண்டு என்றும், இறுதி நாள் போட்டிக்கு அவர் வருவார் என்றும் கேள்விப்பட்டு, மூன்று நாளாக ஒரு விண்ணப்பத்தை எழுதி எழுதித் திருத்திச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பெரியவர் ஒருவர் வரும்போது அசையாமல் நிற்பது மரியாதைக் குறைவு என்பது வளர்ப்பில் ஊறிய பழக்கம். அவர் கண்ணில் முதலில் நான் படவேண்டும் என்பது என் தன்னலம். இரண்டும் சேர்ந்து என் கால்களைக் கிளப்பிவிட்டன. கைகளைக் குவித்தபடி, வாயால் "வா... வா..." என்று அழைத்தபடியே, அவரை நோக்கி நடந்தேன். அழைப்பை நிறுத்தவில்லையே, கடமை தவறவில்லையே என்று அக்கணத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். அவள் பாதை மாறியிருந்தாள். என் குரல் இருக்குமிடத்தை நோக்கித்தான் ஓடி வந்துகொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவே கிணறு வாய் திறந்து கிடந்தது.

"நில்! நில்!" என்று அலறினேன். அதற்குள் கூட்டமும் கண்டுவிட்டது. "ஐயோ, கெணறு! கெணறு!" "ஆகம்மா, ஆகு!" "அடிப் பாவிப் பொண்ணே!" என்று அவளை நிற்கச் சொல்லி இரு மொழிகளிலும் கூச்சல் எழுந்தது. அவள் தந்தையின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அந்தப் பேரிரைச்சலில் எந்தச் சொல்லும் சொல்லாக அவளை எட்டவில்லை. வெற்றிக்கு ஊக்குவிக்கிறார்கள் என்று எண்ணினாளோ என்னவோ, இன்னும் விரைந்தாள். நான் கத்தக் கத்த அவள் என்னை நோக்கி மேலும் நேராக வந்தாள். என் குரலே அவளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இரண்டாம் விதி நினைவுக்கு வந்தது. வாயை மூடவேண்டும். எழுதும்போது எளிதாகத் தெரிகிறது. கண்ணெதிரே ஒரு பெண் கிணற்றை நோக்கி ஓடி வருகையில் வாய்மூடி நிற்பது எத்தகையது என்பதை அன்று அறிந்தேன். பற்களைக் கடித்துக்கொண்டேன். கைகளால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஆனால் கூட்டம் அடங்கவேண்டுமே! அதைச் செய்தவர்கள் அந்தப் பிள்ளைகள். வரிசையாக அமர்ந்திருந்த அவர்களுக்குக் கிணறும் தெரியாது, ஓடுபவளும் தெரியாது. அழைக்கும் குரல் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது. இருபத்தொன்பது வாய்களும் ஒரே மூச்சில் "உஷ்ஷ்ஷ்" என்றன. நல்ல பாம்புக் கூட்டம் சீறியது போல இருந்தது. பார்வையுள்ள கூட்டம் திடுக்கிட்டு வாயடைத்தது.

தோப்பில் காக்கை கரைவது மட்டும் கேட்டது. ஓடிய வேகம் அவளை மேலும் நான்கைந்து அடி இழுத்து வந்தது. பிறகு நின்றாள். அவள் கால் தட்டிய மண்கட்டி ஒன்று உருண்டு விழுந்தது. நெடுநேரம் கழிந்தாற்போல அடியில் நீரொலி எழுந்தது. அவள் அதைக் கேட்டாள். தலையை ஒருமுறை சாய்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கும் கிணற்றின் விளிம்புக்கும் இடையே ஓர் ஆள் படுக்கும் நீளம்கூட இல்லை.

தொடக்கக் கோட்டிலிருந்து உடற்பயிற்சி ஆசிரியர் அமைதியாக அழைத்தார்: "அம்மாயி, ஒக்காந்த மேனிக்கே பின்னால திரும்பு. இப்ப எழுந்திரு. என் கொரலுக்கு வா. மெதுவா வா." அவள் வந்தாள். பதற்றமின்றி, கோயிலுக்குப் போகிறவள் போல நடந்தே வந்தாள்.

நான் ஓடிச்சென்று அவள் முன் நின்றேன். மூச்சு வாங்க அவள் கேட்டாள்: "சார், நீங்க நகந்தீங்க இல்ல?"

வெட்கத்தோடு எழுதுகிறேன். அதிகாரியும் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை அம்மா, காற்று குரலைச் சற்றே திசைதிருப்பிவிட்டது போலும்" என்றேன்.

வரிசையில் ஒரு பையன் சட்டென்று சொன்னான்: "காத்தா? இருபது தப்படி நடந்தீங்க சார். ஜீப்பு நின்ன எடத்துக்கு."

"இருபத்திரண்டுடா. அவரு செருப்பு சத்தம் நான் எண்ணிக்கினு இருந்தேன்" என்றாள் இன்னொருத்தி.

எவரும் சிரிக்கவில்லை. "ஆம், நகர்ந்தேன். நான்தான் பிழை செய்தேன்" என்றேன். நான் அறிந்த செந்தமிழ்ச் சொற்கள் அவ்வளவும் அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு உதவவில்லை. அதிகாரி சற்று நின்று, தலையை அசைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். விண்ணப்பத்தின் நினைவே எனக்கு எழவில்லை.

தந்தை மகளின் கையைப் பற்றினார். "பொட்டிய எடும்மா. போதும் நீ படிச்சது. கண்ணு தெரியாத புள்ளைய கெணத்தாண்ட ஓடவுட்டு வேடிக்க பார்த்துக்கினு கீறாங்க. இதுக்குப் பேரு பள்ளிக்கூடமா?"

"இரு நைனா. இன்னொரு வாட்டி ஓடிட்டு வந்துடறேன்."

"ஓடறியா? எங்க, கெணத்துக்குள்ளயா?"

"உழுந்துட்டனா என்னா? சத்தம் நின்னுச்சு, நானும் நின்னுக்கினேன். சொல்லிக் குடுத்ததெல்லாம் சரியாத்தான் கீது. இவருதான் தப்பு."

தான் அழைப்பதாக உடற்பயிற்சி ஆசிரியர் முன்வந்தார். அவள் ஒப்பவில்லை. "பத்து நாளா இவரு கொரலுக்குத்தான் ஓடிக்கினு கீறேன். வேற கொரலு பழக்கமில்ல." பிறகு தந்தையின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "இப்ப ஓடாம வந்துட்டேன்னா, நாளைக்கு நம்ம ஊட்டுக்குள்ள நடக்கவே பயமாயிடும் நைனா. அப்பறம் என்னை நீதான் புடிச்சிக்கினே இருக்கணும்."

அவர் தாமே போய், விலக்கிக் கிடந்த முள்ளை இழுத்துக் கிணற்றைச் சுற்றி அடைத்தார். கையில் கீறி இரத்தம் கசிந்தது, துடைக்கவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"சார், நீங்க படிச்சவரு. ஆனா உங்க காலை நான் நம்பமாட்டேன்" என்றார். என்னை முடிவுக் கோட்டில் நிறுத்தி, பக்கத்தில் நின்று, தம் வெறுங்காலைத் தூக்கி என் வலக்காலின் மேல் வைத்து அழுத்தினார். ஏர் பின்னால் நடந்து காய்த்த கால். "இப்பக் கூப்புடு" என்றார். மரியாதை போய்விட்டிருந்தது, நான் அதற்குத் தகுதியும் இழந்திருந்தேன்.

அழைத்தேன். அவள் புறப்பட்டு, பத்துப் பன்னிரண்டு அடி வந்ததும் நின்றுவிட்டாள்.

"சார், கொரலு ஆடுது. ஒழுங்காக் கூப்புடுங்க!"

பிள்ளைகள் பக்கமிருந்து ஒரு குரல், "அன்பரே, அருள்கூர்ந்து நடுங்காதீர்!" என்றது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். தந்தை சிரிக்கவில்லை; காலை இன்னும் அழுத்தினார். அந்த வலியைப் பற்றிக்கொண்டுதான் என் குரல் நேரானது. "வா... வா... வா..."

அவள் மீண்டும் தொடக்கத்துக்குச் சென்று ஓடி வந்தாள். இடப்பக்கம் கிணறு இருப்பதை அவள் இப்போது அறிவாள். அதைக் கடக்கும்போது தோள் ஒருமுறை சுருங்கியதைக் கண்டேன். அவள் வேகம் குறையவில்லை. கடைசி அடி வரை நேராக வந்து எங்கள் இருவர் மீதும் மோதினாள். தந்தை அவளைத் தாங்கிக்கொண்டார். கால் சிக்கியிருந்த நான் மல்லாக்க விழுந்தேன்.

"யாரு உழுந்தது?" என்றாள் அவள், மூச்சிரைக்க.

"உங்க சாரு" என்றார் அவர். "இந்த வாட்டி நகரல."

ஒரு செம்புத் தண்ணீரை முழுதும் குடித்துவிட்டு, அவர் உடற்பயிற்சி ஆசிரியரிடம் கேட்டார்: "இஸ்கூலு எப்ப தெறக்கறீங்க?"

"ஜூன்லங்க."

"நானே இட்டுக்கினு வர்றேன்." பின் என்னைச் சுட்டினார். "இவரு அங்க இருப்பாரா?"

"இல்லீங்க. இவரு வேற பள்ளிக்கூடம்."

"அப்ப சரி" என்றார்.

அதைவிட நேர்மையான மதிப்பீட்டை என் ஆசிரியப் பணியில் பின்னாளில் எவரிடமும் நான் பெற்றதில்லை. இத்தனை ஆண்டுகள் கழிந்தும், ஒருவரை என்னை நம்பி வரும்படி அழைக்க வாய் திறக்கும்போதெல்லாம், நான் எங்கே நிற்கிறேன் என்று என் கண்கள் தாமாகவே என் கால்களைத் தேடிச் செல்கின்றன.