தன் தொகுதியைத் தானே மூடிய தையல்காரர்

ராஜாக்கள் ராஜ்யத்தைப் போரில் இழந்திருக்கிறார்கள், சூதில் இழந்திருக்கிறார்கள். உட்கார்ந்த இடத்தில் கையைத் தூக்கியே ஒரு ராஜ்யத்தைக் காலி செய்த ஒரே மாவீரர் இந்தத் தெருத் தையல்காரர்தான். ஏழு கடலும் எழுந்து நின்று அவருக்கு வணக்கம் வைக்க வேண்டும். வைக்காதது கடல்களின் திமிர்.

ராஜ்யம் என்றால் ஒரு நாடாளுமன்றத் தொகுதி. நூல் ஆலை வந்தது, சாரை சாரையாக ஆட்கள் வந்தார்கள், தொகுதியும் வந்தது. ஆலை முதலாளியே மூன்று தடவை ஜெயித்தார். எதிர்த்து நின்றவர்களின் அடுப்பு அவர் கொடுத்த சம்பளத்தில் எரிந்ததால் அவர்கள் சத்தமில்லாமல் நின்றார்கள். பிறகு ஒரு தொழிற்சங்கக்காரர் ஜெயித்து, பதவியிலேயே இறந்தார். அதற்குள் ஆலையை மூடிவிட்டார்கள். தெருவுக்குத் தெரு பூட்டு தொங்கியது. இடைத்தேர்தலில் நிற்க ஆளில்லை. எல்லாக் கட்சிக்காரனும் சண்டை போடாமல் நின்று இடுப்பளவு கொடுக்கிற ஒரே இடம் தையல் கடை. ஆகவே தையல்காரரை நிறுத்தினார்கள்.

ஜெயிக்க வைத்தது எதிர்வீட்டு அக்கா. அம்மா போன பிறகு அவரை வளர்த்தவள். வீடு வீடாகக் கதவைத் தட்டி, "என் தம்பிக்குப் பேச வராது. ஏமாத்தவும் வராது. போடுங்க" என்றாள். போட்டார்கள்.

அடுத்த வருடமே, சின்னத் தொகுதிகளைப் பக்கத்துத் தொகுதிகளோடு சேர்க்கும் மசோதா வந்தது. வேறு ஊரில் பத்துப் பேர் போட்டால்தான் இங்கே ஒருவன் போடும் ஓட்டுக்கு ஈடு என்ற நிலை. அது அவருக்கு நியாயமாகப் படவில்லை. மசோதாவுக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார். தொகுதியும் போயிற்று, பதவியும் போயிற்று. ஊர் திட்டியது, திட்டிக்கொண்டே துணியும் தைக்கக் கொடுத்தது.

அக்கா திட்டவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டாள்.

"கை தூக்கினதுக்கா இவ்வளவு கோபம், அண்ணி?" என்று அவர் மனைவி கேட்டுப் பார்த்தாள்.

"அதுக்கில்லம்மா. முந்தின வாரம் என் வீட்டுலதான் சாப்பிட்டான். வாயே திறக்கல. பக்கத்து வீட்டு ரேடியோ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

சொன்னால், அவள் முகத்தைப் பார்த்து மனம் மாறிவிடுமோ என்று பயந்திருந்தார். அதையும் அவளிடம் சொல்லவில்லை.

வருடங்கள் ஓடின. அக்காவின் துணி மட்டும் மனைவி கையில் வரும். பழைய அளவிலேயே தைப்பார். போன மாதம் தைத்த ரவிக்கை திரும்பி வந்தது.

"தோள்ல தொங்குதாம். சாப்பாடே இறங்கறதில்லையாம்" என்றாள் மனைவி.

அக்கா பேசாமலே போய்விடுவாளோ என்ற பயம் அன்றுதான் வந்தது. மறுநாள் விடிந்ததும் தெருவைக் கடந்தார். "அக்கா, உன்கிட்ட சொல்லாம செஞ்சது தப்பு" என்றார். அவள் நகர்ந்து வழிவிட்டாள்.

அக்காவின் பேரன் எழுதிய இந்தக் காகிதத்தை இதுவரை படித்த தையல்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"டேய், நான் எப்படா போனேன்?"

பேரன் பொத்தான் டப்பாவைக் கிளறினான்.

"அவ வழிவிட்டது? அதுவும் புளுகா?"

"அது எனக்குத் தெரியல, தாத்தா."

மெஷினை விட்டு எழுந்தார்.

"திருட்டுப் பயலே, கடையைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார்.