உரம் கடலுக்குப் போன வருடம்

எழுபதுகளின் கடைசியில் நான் பினாங்குப் பக்கம் சுங்கை பட்டாணியில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவதும் மாணவர்கள் உடைத்ததைப் பெருக்குவதும்தான் வேலை. என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் மீன் விற்றார். விடிகாலையில் கோலா மூடா ஆற்றுமுகத்தில் மீன் எடுத்து, புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டங்களில் கூவிக்கொண்டே போவார். மாமியார் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தில் உரம் போடும் வேலைக்குப் போனார்.

உரம் போடும் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பால்மரங்களுக்கு உரம் போட்டு முடித்த அன்று, எல்லை மரத்தடி முனியாண்டிக்கு வாழையிலையில் ஒரு கை உரம் வைத்து, சூடம் ஏற்றி மழை கேட்பார்கள். மழை பெய்தால்தானே உரம் கரைந்து வேருக்குப் போகும். சாமி எந்த மரத்துக்குப் போடப்போகிறதாம் என்று நான் கேலி செய்வேன். அந்த வருடம் வறட்சி நீண்டுவிட்டதால் அத்தை கொஞ்சம் அதிகமாகவே உருகிக் கேட்டுவிட்டார் போலிருக்கிறது. அன்று மாலை பிடித்த மழை விடவே இல்லை. மரத்தடிகளில் வெள்ளையாய்க் கிடந்த உரமெல்லாம் வாய்க்காலோடு ஆற்றுக்குப் போயிற்று.

கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரர் காலிப் பெட்டியோடு திரும்பினார். கடல் பச்சையாகிவிட்டது, வலை கொழகொழவென்று வருகிறது, மீன் ஒதுங்கிவிட்டது என்றார். அதற்குப் பிறகும் காலிப் பெட்டிதான். மீன் பிழைப்பை விட்டுவிட்டுப் பினாங்கு ஃபெக்டரிக்குப் போகிறேன் என்று ஆரம்பித்தார். ஒரு நிமிடம் பேசாமல் இருக்க முடியாத மனிதர் அவர். நாள் முழுக்க மெஷினுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு எப்படி உட்காருவார்?

ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு ஆற்றுமுகத்துக்குப் போய்க் காட்டினார். செம்மண் தண்ணீர் முடிகிற இடத்திலிருந்து கடல், கீரையை அரைத்துக் கரைத்தது போலக் கிடந்தது. எனக்குப் பயமாகவே இருந்தது. இருந்தாலும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மொண்டுகொண்டேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் அதில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வெளிச்ச வட்டத்துக்குள் கண்ணாடிப் பெட்டிகள், ஊசிகள், சங்கிலியாகக் கோத்த வளையல்கள். இடம் இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. நடுவில் ஏதோ ஒன்று பம்பரமாய்ச் சுற்றி ஓடியது. ஒரு சொட்டிலேயே இவ்வளவு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

என்னை அழைத்துப்போக வந்தவரை இழுத்து வந்து பார்க்க வைத்தேன். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இதெல்லாம் உசுரா புள்ள?"

"உசுருதாங்க. அத்த போட்ட உரத்தத் தின்னுதான் இப்படிப் பெருகியிருக்கு."

"அப்ப இத யாரு திம்பா?"

பொடி இறால் தின்னும் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருந்ததைச் சொன்னேன். அவர் மறுபடியும் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு பினாங்குப் பேச்சை எடுக்கவில்லை. தினமும் ஆற்றுமுகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

பச்சை மெல்ல வடிந்தது. ஒரு காலை கரையோரம் முழுக்கக் கூனி. பிளாச்சான் விழுதுக்கு இடிக்கிற அந்தப் பொடி இறால், அள்ள அள்ள வந்துகொண்டே இருந்ததாம். பெட்டி நிறைந்து, சட்டையைக் கழற்றி அதிலும் மூட்டை கட்டிக்கொண்டு, வெறும் பனியனோடு வந்து நின்றார். உரம் போன வழியை எல்லாம் அத்தைக்கு விளக்கினார். அத்தை முதல் கை கூனியை வாழையிலையில் அள்ளி வைத்து முனியாண்டிக்குக் கொண்டுபோனார். நான் கேலி செய்யவில்லை. கூடவே போய்க் கும்பிட்டேன்.

இப்போது மழை பல வருடங்களில் அப்படித்தான் கொட்டுகிறது. கடலும் சூடேறிவிட்டது என்கிறார்கள். பச்சை அடிக்கடி வருகிறது. பின்னாலேயே கூனி வரும் என்று நிச்சயமில்லை. வியாபாரத்தை விட்டு எவ்வளவோ காலமாகியும், பெருமழைக்குப் பிறகு அவர் ஆற்றுமுகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார். கூனி வந்ததா என்று வாசலிலேயே கேட்பேன். போன தடவை, அவ்வளவு பேசுகிற மனிதர், ஒன்றுமே சொல்லாமல் கால் கழுவப் போய்விட்டார்.