எங்கள் தெருவுக்கு அம்மன் வந்த கதை

சங்கம் என்று யாராவது வாயெடுத்தால் எனக்கு இன்றும் கொட்டாவி வந்துவிடும். ஆறு வருஷம் எங்கள் தெரு நலச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவன் நான். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. தபாலாபீஸில் குமாஸ்தா, மனு எழுதத் தெரிந்தவன், முடியாது என்று சொல்ல வாய் வராதவன். வேறென்ன தகுதி வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கடா என்று படுத்திருந்தவனை எழுப்பிக் கொண்டுபோய் ஒரு கோடு போட்ட நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

திருத்தணி எந்த மாநிலத்துக்கு என்று இரண்டு பக்கமும் கட்சி கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் தமிழில் மனு கொண்டுபோனால் தெலுங்கில் எழுதிக்கொண்டு வா என்பார் ஓர் அதிகாரி. தெலுங்கில் எழுதி வாங்கிக்கொண்டு போவதற்குள் அவருக்கு மாற்றலாகியிருக்கும். புதிதாக வந்தவர் இங்கிலீஷில் கேட்பார். மூன்று பாஷையிலும் நான் கொடுத்தது ஒரே விஷயத்தைத்தான். எங்கள் தெரு முனையில் ஒரு சாக்கடை குறுக்கே போகிறது, அதன்மேல் கல் பாவித் தரவேண்டும்.

கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். அங்கே குடியிருந்தால் தெரியும். கிருத்திகைக்குக் கிருத்திகை மலைக்கு வருகிற கூட்டத்தில் பாதி எங்கள் தெரு முனையில்தான் இறங்கும். அங்கேயே உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொள்வார்கள், அங்கேயே கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள். முடியும் எச்சில் இலையும் சாக்கடையை அடைத்துக்கொள்ளும். மறுநாள் தண்ணீர் பொங்கி வாசல் கோலத்தை எல்லாம் அழித்துவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும். பெண்பிள்ளைகள் திட்டுகிற திட்டெல்லாம் செயலாளர் தலையில்தான் விழும். என் மனைவி வேறு, "உங்க சங்கம் வந்துக்கினு இருக்குது பாருங்க வாசப்படிக்கு" என்று அந்தத் தண்ணீரைக் காட்டுவாள்.

ஆனால் தெருவுக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அடிவாரத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில். ஆடி மாதம் காப்புக் கட்டி, எட்டாம் நாள் சாயங்காலம் அம்மன் சப்பரத்தில் வீதி சுற்றி வருவாள். சுற்றுப்பட்ட தெருவெல்லாம் போவாள், எங்கள் தெருவுக்கு மட்டும் வரமாட்டாள். அந்தச் சாக்கடைதான் காரணம். சப்பரம் தூக்குகிறவர்கள் அதைத் தாண்ட முடியாது. பலகை போடுகிறோம் என்றோம். "ஆத்தாளப் பலக மேல நடக்க வெப்பீங்களா?" என்று பூசாரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நாங்கள் தெரு முனைக்குப் போய் நின்று, அடுத்த தெருக்காரர்களோடு இடித்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு வருவோம். அந்தத் தெருக்காரர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, சீ என்று ஆகிவிடும்.

எங்கள் தெருவில் இதை எல்லாரையும்விட அதிகமாக மனசில் வைத்திருந்தவர் ஒரு கிழவர். சத்திரத்தில் நாற்பது வருஷம் சமையல் செய்து, கை நடுங்க ஆரம்பித்ததும் நின்றுவிட்டவர். தெருக் கடைசியில் ஒற்றை அறை, ஒரு கதவு, தனிக்கட்டை. சமையலய்யா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். மணவூரில் அக்காள் மகள் ஒருத்தி இருந்தாள். அவளைத் தவிர வேறு உறவு என்று யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

"அடுப்பாண்ட நின்னு நின்னே காலம் போச்சு சார்," என்பார் என்னிடம். "திருவிழான்னா ஊருக்கே கொண்டாட்டம். எனக்கு அன்னிக்கிதான் முன்னூறு எல. மேளம் காதுல கேக்கும், சாமி கண்ணுல படாது. ஒரே ஒரு தடவ என் வாசல்ல வந்து நிக்கட்டும். ஒரு தேங்கா ஒடச்சிக் காட்டிட்டேன்னா போதும்."

சும்மா சொன்னதில்லை. கிருத்திகை முடிந்த மறுநாள் காலையில், சங்கத்துக்காரர்கள் ஆளை விட்டுச் சுத்தம் செய்யலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கரண்டிக்காம்பால் சாக்கடையிலிருந்து முடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டிருப்பார். கடைத்தெருவில் ஒரு பித்தளைத் தட்டும் வாங்கி, புளி போட்டுத் துலக்கி, பழைய துணியில் சுற்றி வைத்திருந்தார். எனக்குக் காட்டினார். அம்மனுக்கு நீட்டுகிற தட்டு அது, வேறு எதற்கும் எடுக்கமாட்டார்.

எந்தப் பாஷையில் எழுதிய மனு வேலை செய்ததோ தெரியாது, மூன்றாவது வருஷம் ஆனி மாதத்தில் கல் வந்து இறங்கியது. பதினைந்து நாளில் பாவிவிட்டார்கள். பூசாரி வந்து மிதித்துப் பார்த்தார், குதித்தும் பார்த்தார். "செரி, இந்த வருசம் வர்றா," என்றார். தெருவே ஆளுக்கொரு வேலையாக ஓடியது. நான் மட்டும் உட்கார்ந்தேன். இனி மனு எழுத வேண்டாம் என்ற ஒரே சந்தோஷம் எனக்கு.

காப்புக் கட்டிய அன்றே சமையலய்யாவுக்கு வயிற்றுப்போக்கு. ஐந்தாம் நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. என் மனைவி கஞ்சி கொண்டுபோய்க் கரண்டியால் ஊட்டிவிட்டு வந்தாள். கம்பவுண்டர் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்தார், வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு நாளு தாங்குனா பெருசு," என்றார்.

அதற்குள் விஷயம் தெரு முழுக்கப் போய்விட்டது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, அதனால் சொல்கிறேன். காப்புக் கட்டிய பிறகு தெருவில் பிணம் கிடந்தால் அந்தத் தெருவுக்குள் அம்மன் கால் வைக்கமாட்டாள். மணவூருக்கு ஆள் போய், உறவு வந்து, அழுது, எடுத்து முடிப்பதற்குள் எட்டாம் நாள் போய்விடும். மூன்று வருஷப் பாடு வீண்.

சங்கத் தலைவர் வீட்டில் அவசரக் கூட்டம். தலைவர் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், தெலுங்குக்காரர், நல்ல மனுஷர். அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசியில் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"நாம இன்னா கொல்லவா சொல்றோம் நைனா? நாலே நாளு. மணவூர்ல சொந்தப் பொண்ணு வூட்ல இருக்கட்டும். அங்க பாத்துக்கறதுக்கு மனுசா இருக்காங்க, இங்க யாரு இருக்கா?"

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர்கூட இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை. நான் நோட்டைத் திறந்து எழுதினேன். 'தெருக் கடைசியில் வசிக்கும் சத்திரத்துச் சமையல்காரரை, அவருடைய உடல்நலம் கருதி, மணவூருக்கு அனுப்புவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' உடல்நலம் கருதி! என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று தபாலாபீஸில் எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி சட்டியை ணங்கென்று வைத்தாள். "அம்மன் வர்றதுக்கு ஆள வெளிய தள்றீங்களா? அவளே வந்து எங்கடா அவன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

"சும்மா இருடி, நீ வேற," என்றேன்.

காலையில் ஜட்கா வைத்துக்கொண்டு போய் நின்றேன். கிழவர் பாயில் கிடந்தபடியே என்னைப் பார்த்தார்.

"மணவூருக்குப் போய்ட்டு வரலாம்ய்யா. தண்ணி மாத்தம் நல்லதுன்றாங்க," என்றேன்.

"டாக்டரு சொன்னாரா?"

"ஆங்."

கூரையைப் பார்த்தபடி கேட்டார்: "அம்மன் வர்றது நாளைக்கு மறுநாள்தான சார்?"

"ஆங்."

"செரி. என்னத் தூக்கு."

அவ்வளவுதான். அவர் பிறந்து வளர்ந்த ஊர், அவருக்கா தெரியாது இந்த முறையெல்லாம்? தூக்கினேன். ஒன்றும் கனமே இல்லை. அரக்கோணத்தில் ரயில் மாறும்போது ஒரு வாய் தண்ணீர் கேட்டார். மணவூரில் அக்காள் மகள் என் தந்தியைப் பார்த்து ஸ்டேஷனுக்கே வந்திருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். உயிர் போகிற நேரத்தில் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறானே என்ற பார்வை. நான் அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டேன்.

அம்மன் வந்தாள். தெருவெல்லாம் மாவிலை, வேப்பிலை, தாரை தப்பட்டை. ஒவ்வொரு வாசலிலும் சப்பரம் நின்றது, தட்டு வாங்கினார்கள், தேங்காய் உடைத்தார்கள், பேரும் நட்சத்திரமும் கேட்டுப் பூசாரி தீபம் காட்டினார். தலைவர் கண்ணீர் விட்டு அழுதார். கடைசி வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. பூட்டிய வீட்டில் யார் நிறுத்துவார்கள்? தாண்டிப் போய்விட்டார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

அம்மன் வந்து போன பன்னிரண்டாம் நாள், தபாலாபீஸ் முடிந்து வருகிறேன், தெரு முனையில் கோலை ஊன்றிக்கொண்டு ஒரு உருவம் புதுக் கல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சமையலய்யா! பாதியாக இளைத்திருந்தார். ஆனால் உயிரோடு இருந்தார், நடந்து வந்திருந்தார். எனக்குச் சந்தோஷப்படுவதா, பூமிக்குள் போவதா என்று தெரியவில்லை.

"கேவுரு கஞ்சி ஊத்தியே எழுப்பி உட்டுடுச்சு சார் அந்தப் பொண்ணு," என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மன் வந்துச்சா?" என்றார். 

"ஆங், வந்துச்சி."

"நம்ம வாசலாண்ட நின்னுச்சா?"

"நின்னுச்சிய்யா. நல்லா நின்னுச்சி."

"அது போதும்," என்று சொல்லிவிட்டுக் கோலை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் எங்கள் தெரு அவரைத் தாங்கு தாங்கு என்று தாங்கியது. பண்டிகை என்றால் பத்து வீட்டிலிருந்து பலகாரம் போகும். தலைவர் தன் வீட்டு நாற்காலியையே கொண்டுபோய்ப் போட்டார். கிழவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார், எல்லாரையும் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் தாங்க முடியாது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த ஆடி வந்தது. கூட்டத்தில் நானே பேசினேன். ஆறு வருஷத்தில் நானாக வாய் திறந்து பேசியது அந்த ஒரு தடவைதான். இந்த வருஷம் முதல் தட்டு சமையலய்யாவுடையது, சப்பரம் அவர் வாசலில்தான் முதலில் நிற்க வேண்டும் என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை. தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எட்டாம் நாள் மத்தியானம் அவருக்குச் சொல்லப் போனேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டேன். துணிமூட்டையோடு காலையிலேயே போனார் என்றார்கள். ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூட்டை மடியில், டிக்கெட் கையில்.

"இன்னாய்யா இது? உடம்புக்கு என்னா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார். கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்புறம் எங்க கெளம்பிட்டீங்க?"

"மணவூருக்கு. நாலு நாள் இருந்துட்டு வந்துடுவேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்: "வயசாச்சு சார். எந்த நேரத்துல இன்னா ஆவும்னு யாருக்குத் தெரியும்? போன வருசம் என்னால எவ்ளோ கஷ்டம் உங்களுக்கெல்லாம். கூட்டம் போட்டு, ஜட்கா வெச்சி, லீவு போட்டு நீ வந்து... வேணாம் சார். நானே போய்க்கிறேன். அம்மன் நிம்மதியா வந்துட்டுப் போவட்டும்."

நான் கெஞ்சினேன். முதல் தட்டு உங்களுடையது என்றேன். அம்மன்மேல் சத்தியம் செய்தேன். போன வருஷம் அம்மன் உங்கள் வாசலில் நிற்கவில்லை, பொய் சொன்னேன் என்றும் உளறிவிட்டேன்.

"தெரியும் சார்," என்றார். "பூட்ன வூட்ல எங்கனா நிப்பாங்களா?"

வண்டி வந்தது. மூட்டையை அவிழ்த்து, அந்தப் பித்தளைத் தட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஏறிக்கொண்டார்.

அந்தச் சாயங்காலம் அம்மன் தெருவுக்குள் வந்தபோது, கடைசி வீட்டின் பூட்டிய கதவுக்கு முன்னால் தட்டும் தேங்காயுமாக நான் நின்றேன். சப்பரம் தாண்டப் பார்த்தது. "நிறுத்துங்கடா!" என்று நான் போட்ட கத்தலில் மேளமே நின்றுவிட்டது. பூசாரி திரும்பி வந்து தட்டை வாங்கினார். தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பேரு? நச்சத்திரம்?"

நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் பக்கத்து வீட்டுத் துணிக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் என்னையே பார்த்தார். கிழவருக்குக் கடிதம் என்று ஒன்று வந்திருந்தால் பேராவது எனக்குத் தெரிந்திருக்கும். ஒன்றும் வந்ததில்லை. சங்க நோட்டில் என் கையெழுத்தில் இருந்ததெல்லாம் 'சத்திரத்துச் சமையல்காரர்'. அந்தச் சாக்கடை எத்தனை அடி நீளம், எத்தனை கல் போட்டது என்று கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

"தெரியாதா? அப்ப ஆத்தா பேருக்கே காட்டிர்றேன்," என்று சொல்லி, பூசாரி தேங்காயை உடைத்தார்.