வெள்ளிக்கிழமையை ஒப்புக்கொள்ளாத மிஷின்

என் தம்பி மகன் அரங்கநாதன் ஆம்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்துப் பெரிய ஆளானதற்கு அவனுடைய மூளைதான் காரணம் என்று இன்றைக்கு எல்லாரும் பேசுகிறார்கள். மூளை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவனைப் பெரிய ஆளாக்கியது ஒரு தப்பு. அந்தத் தப்பு என் வீட்டு முன்னறையில் பிறந்தது. அதனால் யார் வேறு மாதிரி சொன்னாலும் நான் சொல்வதுதான் சரி.

அவன் குடியாத்தத்துப் பிள்ளை. அவன் அப்பா கோவிந்தராஜ் அங்கே பவர்லூம் ஷெட் வைத்து லுங்கி நெய்து விற்றவன். ஒரே மகன் என்று மெட்ராஸில் இன்ஜினியர் படிப்பு படிக்க வைத்தான். படித்தவன் அங்கேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தான். எண்பத்தேழாம் வருஷம் சித்திரை மாசத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு, போர்வையில் சுற்றிய இரண்டு பெட்டிகளோடு டாக்சியில் வந்து என் வாசலில் இறங்கினான். பிரசவித்த பெண்ணை இறக்குவது போல் அந்தப் பெட்டிகளை இறக்கினான்.

"இன்னாடா இது, டிவியா?"

"கம்ப்யூட்டர் அத்தை. சொந்தமா கம்பெனி ஆரம்பிக்கப் போறேன். முன்ரூமைக் குடு."

"குடியாத்தத்துல ரூமே இல்லியா?"

"ஷூ கம்பெனிங்கல்லாம் இங்கதானே இருக்கு? அத்தினி பேருக்கும் சம்பளத்தை இன்னும் கையாலயே போட்டுக்கினு இருக்காங்க. என் ப்ரோக்ராம் வந்துச்சின்னா, நீ டீ போட்டு எடுத்துக்கினு வர்றதுக்குள்ள முடிச்சிடும்."

அறையைக் கொடுத்தேன். ஜன்னலை அடைத்தான், கதவிடுக்கில் துணி செருகினான். தூசி ஆகாதாம். வீட்டில் இருந்த ஒரே மேஜை விசிறி மிஷினைப் பார்த்துத் திரும்பியது. நான் முந்தானையால் விசிறிக்கொண்டேன். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். தேசம் முழுவதுக்கும் செருப்பு தைத்து அனுப்பும் ஊரில், அந்த ஓர் அறைக்குள் மட்டும் வெறுங்காலோடு போக வேண்டியிருந்தது.

வாசலில் ஒரு போர்டு மாட்டினான். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, அவனையே கேட்டேன்.

"அரங்கா சிஸ்டம்ஸ் இன்டர்நேஷனல்."

"இன்டர்நேஷனல்னா?"

"உலகம் பூரா, அத்தை."

அன்றைக்கு அவனுக்கு ஆம்பூர் பஜாரில்கூட ஒரு கிராக்கி கிடையாது.

கூட்டுச் சேர்ந்தவன் இருதயராஜ், பக்கத்துத் தெருப் பையன். அவன் அம்மா சவுரியம்மாள் நிசார் அஹமது சாயபுவின் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள். வேலூர் லாங் பஜாரில் கார்டு அச்சடித்துக்கொண்டு வந்தார்கள். அரங்கநாதன் மேனேஜிங் டைரக்டர், இருதயராஜ் மார்க்கெட்டிங் டைரக்டர். வேலை செய்கிற ஆள் என்று ஒருவரும் இல்லை. டீ போட்டதும் அறையைப் பெருக்கியதும் நான். எனக்குக் கார்டு அடிக்கவில்லை.

ஆடி பிறந்ததும் கோவிந்தராஜ் வந்தான். செருப்பைக் கழற்றாமல் அறை வாசலிலேயே நின்று மிஷினைப் பார்த்தான்.

"யாராவது வாங்கனாங்களா?"

"பேசிக்கினு இருக்கம்பா."

"பேசறதுக்கு மிஷினு எதுக்கு? தோ பார், தீபாவளி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இது ஒரு கம்பெனியிலயாவது போய் நிக்கணும். நிக்கலன்னா மூட்டையக் கட்டிக்கினு ஷெட்டுக்கு வந்துடணும். அக்கா, நீதான் சாட்சி."

அரங்கநாதன் தலையை ஆட்டினான், ஆனால் முகம் செத்துப்போயிற்று. தறிச் சத்தத்தில் அவன் தலை வேலை செய்யாது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஷெட்டுக்குப் போனால் அந்தப் பெட்டிகளை அவன் மறுபடி பிரிக்கப்போவதில்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சவுரியம்மாள் கையைக் காலைப் பிடித்து நிசார் அஹமது சாயபுவை ஒரு நாள் வரவழைத்தாள். சாயபு நல்ல மனுஷர். தன் கம்பெனி ஷூவைத் தானே கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். கூட மேனேஜர் ஆபித் பாஷா. கம்பெனியின் ஒரு மாச வருகைக் கணக்கை அரங்கநாதன் முன்னாலேயே வாங்கி மிஷினுக்கு ஊட்டி வைத்திருந்தான். பொத்தானைத் தட்டினான். தட்டிய கையோடு மிஷின் தறி மாதிரி கடகடவென்று அடித்து நீளமாகக் காகிதத்தைத் தள்ளியது. சாயபுவின் முகம் மலர்ந்தது. ஆபித் பாஷா அதைப் படித்தார். படித்தவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"சாயபு, நம்ம கம்பெனில வெள்ளிக்கெழமை அத்தினி பேரும் ஆப்சென்ட்டாம். சம்பளம் கட்டு. நாயித்துக்கெழமை அத்தினி பேரும் ஓவர்டைமாம். டபுள் சம்பளம்!"

சாயபுமார் கம்பெனிகளில் வெள்ளிக்கிழமைதான் லீவு, ஜும்மா தொழுகை. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். ஆம்பூரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் இது தெரியும். அரங்கநாதனுக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் அவன் வளர்ந்த குடியாத்தத்தில் தறி நிற்பது அமாவாசைக்கு. ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது அவன் மெட்ராஸில் கற்றுக்கொண்டு வந்த நாகரிகம். அங்கே வேலை பார்த்த கம்பெனியில் எழுதிப் பழகியது போலவே இதையும் எழுதியிருக்கிறான்.

சாயபு கோபித்துக்கொள்ளவில்லை. "மிஷின் நல்லாருக்கு தம்பி. வெள்ளிக்கெழமைய லீவுன்னு போட்டுக் குடு, வாங்கிக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவ்ளோதானே, மாத்திக் குடேன்டா," என்றேன்.

"ஊடையில இருந்தா உருவிட்டு வேற நூலு போட்டுடுவேன் அத்தை. இது பாவுலயே ஓடுது."

நெய்கிற வீட்டில் பிறந்த எனக்கு அது போதும். ஊடை குறுக்கே ஓடும் நூல், தப்பாகப் போனால் பிரித்துவிடலாம். பாவு நீளவாக்கில் தறி முழுக்கக் கட்டியிருப்பது. அதில் தப்பு என்றால் முழுதையும் அறுத்துவிட்டு முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

"எத்தினி நாளு ஆவும்?"

"பொங்கல் ஆய்டும்."

தீபாவளிதான் கெடு. இரண்டு டைரக்டர்களும் அறையைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்க மீட்டிங் போட்டார்கள். சாயங்காலம் தீர்மானத்தோடு வெளியே வந்தார்கள். ப்ரோக்ராமை மாற்றுவது கஷ்டம். ஆகவே ஆம்பூரை மாற்றுவது.

நம்ப மாட்டீர்கள், நிஜமாகவே சாயபுவிடம் போய்க் கேட்டார்கள். இருதயராஜ் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு பேசினானாம்.

"சாயபு, உலகம் பூரா நாயித்துக்கெழமதான் லீவு. நீங்களும் வெளிநாட்டுக்கு ஷூ அனுப்பறீங்க. நம்மளும் அவங்களோட சேந்துக்கினா..."

"ஒரு மிஷினுக்கோசரம் நான் ஜும்மாவை மாத்தணுமா?"

"ஜும்மா அப்டியே இருக்கட்டும் சாயபு. லீவை மட்டும் நவுத்துனா போதும்."

"அரே தம்பி, நீ மிஷின் விக்க வந்தியா, கெழமை விக்க வந்தியா?"

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அரங்கநாதன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் பல்லைக்கூட விளக்காமல் அடுப்படிக்கு ஓடி வந்தான்.

"அத்தை! இன்னிக்கு இன்னா தேதின்னு மிஷினுக்குச் சொல்றது யாரு?"

"யாரு?"

"நான்தான்! வெள்ளிக்கெழமையன்னிக்கு, இன்னிக்கு நாயித்துக்கெழமைன்னு அதுங்கிட்ட சொல்லிட்டா? ரெண்டு நாளு முன்னால தள்ளி வெச்சிட்டா முடிஞ்சிச்சே!"

"அதுங்கிட்ட பொய் சொல்லப் போறியா?"

"பொய் இல்ல அத்தை. அட்ஜஸ்ட்மென்ட்."

அந்த வாரமே மிஷின் சாயபுவின் கம்பெனிக்குப் போயிற்று. மூன்று மாசம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை லீவு கச்சிதமாக விழுந்தது. ஆபித் பாஷாதான் ஒரு காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தேதி தப்பா அடிக்குதே தம்பி?"

"அது இன்டர்நேஷனல் தேதி சார்," என்றான் இருதயராஜ்.

அதோடு விட்டிருக்கலாம். மேனேஜிங் டைரக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மனுஷன் தப்புப் பண்ணுவான் சார், கம்ப்யூட்டர் பண்ணாது. அது சொல்றதச் செய்ங்க. கேள்வி கேக்காதீங்க," என்று எல்லார் முன்னாலும் அதட்டினான். ஆபித் பாஷா சரி என்றார். அவர் சொன்ன சொல் தவறாத மனுஷர்.

அந்தக் கம்பெனியில் ஒன்றாம் தேதி சம்பளம். சாயபு மெட்ராஸுக்குப் போயிருந்த சமயம், ஆகஸ்ட் மாசம் முடிய இன்னும் இரண்டு நாள் கிடக்கும்போதே, மிஷின் ஒன்றாம் தேதி என்றது. சம்பளப் பட்டியலையும் அடித்துத் தள்ளியது. ஆபித் பாஷா கேள்வி கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து அத்தனை பேருக்கும் சம்பளம் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் சவுரியம்மாள் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தாள்.

"பூங்காவனம் அக்கா, நம்ம புள்ளைங்க மிஷினு ரெண்டு நாளு முன்னாலயே சம்பளத்தக் குடுத்துட்டுச்சி! மகராசனுங்க, நல்லா இருக்கணும்!"

அரங்கநாதன் வாயில் போட்டதை மென்று விழுங்க மறந்தான். அவன் கிழமையைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தான். தேதி நகர்ந்தால் மாசமும் சேர்ந்து நகரும் என்பது இன்ஜினியர் மூளைக்குத் தோன்றவில்லை.

ஊர் திரும்பிய சாயபு அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். பயந்து போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். "அடுத்த சம்பளத்துக்குள்ள தேதியச் சரி பண்ணு. இல்லன்னா மிஷினை எடுத்துக்கினு போ," என்றார் சாயபு. தேதியைச் சரிசெய்தால் வெள்ளிக்கிழமை போய்விடும். வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டால் தேதி தப்பு. அடுத்த சம்பளம் நெருங்கியபோது அவனே குடியாத்தத்துக்குச் சொல்லி அனுப்பினான்: அப்பா, வந்து கூட்டிக்கினு போ.

கோவிந்தராஜ் பஸ்ஸில் வந்து இறங்கினான். மிஷினைத் தூக்குவதற்கு ஷெட்டிலிருந்து சம்பத் மேஸ்திரியைக் கயிறும் போர்வையுமாக அழைத்து வந்திருந்தான். நானும் கம்பெனிக்குப் போனேன். என் வீட்டிலிருந்து போன மிஷின். நான் போகாமல் வேறு யார் போவது?

சாப்பாட்டு வேளை. மேஸ்திரி போர்வையை விரித்ததுதான் தாமதம், தையல் பகுதியிலிருந்து பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். முன்னால் சவுரியம்மாள்.

"எங்க எடுத்துக்கினு போறீங்க எங்க மிஷினை?"

"தேதிய தப்பா காட்டுது சவுரியம்மா," என்றார் சாயபு.

"போன மாசம் சரியாத்தானே காட்டுச்சி?"

"இன்னிக்கு இருவத்தொம்போதும்மா!"

"அது உங்க வூட்டு காலண்டருல. எங்களுக்கு மிஷினு ஒண்ணாந் தேதின்னு சொல்லிடுச்சி. போன சம்பளத்த முன்னால குடுத்தீங்க, அது முன்னாலயே தீந்துபோச்சி. இப்ப ரெண்டு நாளு தள்ளிப் போட்டா, அந்த ரெண்டு நாளைக்குப் புள்ளைங்களுக்கு இன்னாத்தப் போடறது? தோலையா?"

"ஆபித் பாய், நீங்களாச்சும் சொல்லுங்க," என்றார் சாயபு.

ஆபித் பாஷா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுன்னு தம்பி சொல்லிட்டாரு சாயபு. கேள்வி கேக்கக் கூடாதுன்னும் சொன்னாரு."

எல்லாரும் அரங்கநாதனைப் பார்த்தார்கள். தப்புதான் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இருதயராஜ் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அரங்கநாதன் அப்பாவைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான்.

"சிஸ்டம் கரெக்டா ஓடுது," என்றான்.

பெண்கள் யாரும் தையல் மிஷினுக்குத் திரும்பவில்லை. கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு பாதி தைத்தபடி கிடந்தது. சாயபு அதைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார்.

"பேஜார்! சரி, மிஷின் இருக்கட்டும். தேதியும் அப்பிடியே இருக்கட்டும். ஆனா தம்பி, இதுல எங்க இன்னா கோணலா இருக்குதுன்னு உனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். வேற எவனும் இதத் தொட முடியாது. ஆயுசுக்கும் நீயே வந்து பாத்துக்கோ."

வெளிநாட்டுக்காரர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசி வாங்குகிற மெயின்டனன்ஸ் ஒப்பந்தம் இதுதான் என்று பிற்பாடு இருதயராஜ் சொன்னான். நாங்கள் வெளியே வருவதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து விசாரித்தார்கள்: "அந்த ரெண்டு நாளு முன்னால குடுக்கற மிஷினு எங்க மொதலாளிக்கும் கெடைக்குமா?" மார்க்கெட்டிங் டைரக்டர் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினான். முதல் தடவையாக ஒருவர் அதை வாங்கிப் பத்திரப்படுத்தினார்.

கோவிந்தராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தான். மகன் ஜெயித்துவிட்டான் என்று உள்ளுக்குள் சந்தோஷம் இருந்திருக்கும். தம்பி முகம் எனக்குத் தெரியாதா? பஸ் ஸ்டாண்டு வரும்போது, தோளில் கயிற்றோடு சம்பத் மேஸ்திரி அவன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"மொதலாளி, தம்பி மிஷினு ஒண்ணு நம்ம ஷெட்லயும் வெச்சா இன்னா? சம்பளமும் முன்னால வந்துடும். அமாவாசை லீவும் ரெண்டு நாளு முன்னாலயே வந்துடும் இல்ல? நம்ம ஆளுங்களுக்குச் சொன்னா குஷியாய்டுவாங்க."

கோவிந்தராஜ் நடுரோட்டில் நின்றான். மேஸ்திரியை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மகன் பக்கம் திரும்பினான்.

"டேய், நீ இங்கயே இரு."

"அப்பா?"

"அத்தை வூட்லயே இரு. நல்லா சம்பாதி. தீபாவளிக்குக்கூட நீ வர வேணாம், துணி, பலகாரமெல்லாம் நானே கொண்டாந்து தர்றேன். அந்த மிஷினோட குடியாத்தம் எல்லைய மட்டும் மிதிக்காதே."

சொல்லிவிட்டு மேஸ்திரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றினான். வழியில் யாரிடமும் வாயைத் திறக்காமலிருக்க ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் தான் உட்கார்ந்துகொண்டான்.