புரட்டாசியில் மீனை மறுத்த பூனை

எங்கள் வீட்டில் புரட்டாசி பிறந்தால் மீன் சட்டி பரணுக்குப் போய்விடும். பெருமாளுக்காக நாங்கள் படும் பாட்டைப் பூனையும் பட்டாக வேண்டும். ஆகவே சென்ற புரட்டாசியில் எங்கள் கடுவன் பூனை தயிர்ச்சோற்றைத் தொடாமல் பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்தபோது எனக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. உண்ணாவிரதப் போராட்டம். நாலு புத்தகம் படித்தவனுக்கு எதற்கும் காரணம் உடனே விளங்கிவிடும். அவனிடம் உள்ள ஆபத்தே அதுதான்.

மறுநாளும் சாப்பிடவில்லை. நானே இறங்கிவந்தேன். கச்சிராயபாளையம் சாலைத் தள்ளுவண்டியில் பொரித்த மீன் துண்டு ஒன்று வாங்கி, ஸ்கூட்டர் டிக்கியில் ஒளித்துக் கொண்டுவந்து, மனைவி கண்ணில் படாமல் கொல்லையில் வைத்து நீட்டினேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்குப் புல்லரித்துவிட்டது. போராட்டம் இல்லை, இதுவும் விரதத்தில் சேர்ந்துவிட்டது! பெருமை தாங்காமல் மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மீன் வாங்கிய குற்றமும் கூடவே வெளியே வந்துவிட்டது.

அவள் குற்றத்தைக் கண்டுகொள்ளவில்லை.

“மீனு குடுத்தும் துன்னலியா?”

“தொடவே இல்ல. இன்னா பக்தி பாரு!”

“பக்தியா? காலையிலேர்ந்து வாசல் மணல்ல போயிப் போயி குந்திக்கினு வருது, ஒரு சொட்டு வரல. வயித்தத் தொட்டுப் பாருங்க. பக்கம் பக்கமா எழுதறீங்க, இது தெரியல?”

தொட்டேன். கல்லாக இருந்தது. பூனை அலறிய அலறலில் என் ஆராய்ச்சி அத்தனையும் அடங்கிப்போயிற்று.

கள்ளக்குறிச்சியில் கால்நடை மருத்துவர் ஒரு பசுவைக் கவனித்துவிட்டு எங்களிடம் வந்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

“மூத்திரம் அடைச்சிக்கினு இருக்குதுங்க. ஆம்பளப் பூனைக்கு இது வரும். எத்தினி நாளா சாப்பிடல?”

“ரெண்டு நாளா.”

“ரெண்டு நாளா இன்னா சார் பண்ணிக்கினு இருந்தீங்க?”

பக்கத்தில் மனைவி நின்றதால் நான் பூனையின் காதைத் தடவிக்கொடுத்தேன். மயக்க ஊசி போட்டு, மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்.

“இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா உயிரு போயிருக்கும். இனிமே மூத்திரம் அதுவா போவணும். சாயங்காலத்துக்குள்ள போவலன்னா திரும்பத் தூக்கிக்கினு ஓடியாந்துடுங்க.”

மயக்கம் தெளியும்வரை காத்திருந்து ஆட்டோ பிடித்தோம். துண்டில் சுற்றிய பூனை என் மடியில். பாதி வழிவரை மனைவி அதன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. கரும்புத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் என் மடி திடீரென்று சூடாகியது.

“வேட்டி நனையுது” என்றேன்.

“நல்லா நனையுதா?”

“முட்டி வரைக்கும்.”

இத்தனை வருடமாக நகைச்சுவை எழுதுகிறேன். எதற்கும் அவள் இப்படிச் சிரித்ததில்லை. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் பூனையைக் கொஞ்சம் நகர்த்தப் போனேன்.

“அசையாம உக்காருங்க,” என்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “முழுசா போவட்டும்.”