என் காதும் இரண்டு சின்னக் கிட்டார்களும்

கிட்டார் விற்பதற்குக் கிட்டார் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. யாராவது வாசிக்கும்போது கண்ணை மூடித் தலையாட்டத் தெரிந்தால் போதும். பட்டுச்சேலைக் கடையில் நின்று, "உங்க நிறத்துக்கு இதுதாங்க எடுப்பு" என்று எல்லா நிறத்துக்காரர்களிடமும் சொன்னவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் நானும் ஒரே கட்சி. மேலே படியுங்கள்.

கோயமுத்தூரில் ஓர் இசைக்கருவிக் கடையில் கிட்டார் பிரிவு என் பொறுப்பு. அதற்கு முன்பு கீபோர்டு உறையும் ஸ்டாண்டும் விற்றுக்கொண்டிருந்தேன். ஒருநாள் போகிற போக்கில், ஒரு கிட்டாரில் சுருதி இறங்கியிருக்கிறது என்று சொல்லிவைத்தேன். அதன் தலையில் மாட்டியிருந்த, சுருதி காட்டும் டியூனரில் சிவப்பு விளக்கு எரிந்ததைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் முதலாளி, "அம்மணிக்கு நல்ல காதுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பளமும் கொஞ்சம் கூடியது.

இப்போது வம்பு இரண்டு சின்னக் கிட்டார்களால் வந்தது. வழக்கமான கிட்டாரைவிட உடம்பு சின்னது, மடியில் அடக்கமாக உட்காரும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே விலை, ஒரே நிறம். முதுகுப் பலகை மட்டும் வேறு வேறு மரம், அதனால் நாதமே வேறு என்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். கடையில் இடம் கம்மி, இனி இரண்டில் ஒன்றைத்தான் வாங்குவது என்று முதலாளி முடிவு செய்தார். எதை வாங்குவது என்று மாதக் கடைசிக்குள் நான் சொல்ல வேண்டும். எனக்கோ இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டன. தெரியவில்லை என்று சொன்னால் மறுபடி உறை விற்கப் போக வேண்டியிருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இத்தனை நாள் வாங்கிய பெயர் என்ன ஆவது?

தேனும் வெல்லமும்

சத்தியமங்கலத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மகளுக்குச் சின்னக் கிட்டார் வேண்டும் என்றார்கள். நான் ஒன்றை எடுத்து எனக்குத் தெரிந்த ஒரே சுரக்கூட்டை, அதாவது கார்டை, மீட்டி, "இது தேன் மாதிரிங்க, மெலிசா இழையும்" என்றேன். அதைச் சுவரில் மாட்டிவிட்டு, திரும்பிப் பேசிக்கொண்டே அடுத்ததை எடுத்து அதே கார்டை மீட்டினேன். "இது வெல்லமுங்க. அடியில ஒரு கனம் இருக்குது பாருங்க." கணவர் கண்ணை மூடிக் கேட்டார். "ஆமாங்க, வெல்லந்தானுங்க நல்லா இருக்குது" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் பணம் கட்டப் போனார்.

அதுவரை வாயே திறக்காத அவர் மனைவி என் பக்கத்தில் வந்தார். கடையில் வேறு யார் காதிலும் விழுந்துவிடக் கூடாதே என்று அவர் குரலைத் தாழ்த்திய விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது. "ஏனுங்க அம்மணி, தப்பா நெனைச்சுக்காதீங்க, ரெண்டு தடவையும் அதே கிட்டாரைத்தானுங்களே எடுத்தீங்க?"

மாட்டிய இடம்

அதன்பிறகு உஷாரானேன். இடது கொக்கியில் இருப்பது தேன், வலது கொக்கியில் இருப்பது வெல்லம் என்று மனப்பாடம் செய்துகொண்டேன். ஒரு வாரம் கௌரவமாக ஓடியது. நான் இடது கிட்டாரின் இழைவைப் பற்றிப் பேசியதை ஒரு கல்லூரி மாணவி செல்போனில் பதிவே செய்துகொண்டு போனாள். கையில்தான் ஏதோ பிடிபடாத மாதிரி இருந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கி வந்த அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கடையில் கம்பி மாற்றுவதும் துடைத்து மாட்டுவதும் பிரகாஷின் வேலை. இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. என்னைவிடக் கொஞ்சம் இளையவர் என்பதால் அக்கா என்பார். என்மேல் நிஜமாகவே மரியாதை உள்ளவர், கொடுமையே அதுதான். சனிக்கிழமை கிட்டாருக்குள் ஒட்டியிருந்த மாடல் சீட்டைப் பார்த்துவிட்டு, பரீட்சையில் தோற்றவர் மாதிரி என்னிடம் வந்து நின்றார். "போன வாரம் தொடைச்சப்ப ரெண்டையும் மாத்தி மாட்டிப்போட்டனுங்கக்கா, நானாவே கண்டுபிடிக்கட்டும்னுதான் நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தீங்களா?"

பட்டறைக்காரரின் விரல்

கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர், இந்தச் சின்னக் கிட்டார்கள் வந்த புதிதிலேயே என் பேச்சைக் கேட்டு ஒன்றை வாங்கிப் போயிருந்தார். தூசி படியாமல் இருக்க உறை வேண்டும் என்று கிட்டாரோடு வந்தார். கம்பிகள் எல்லாம் கடையை விட்டுப் போன அன்றைய பளபளப்போடு இருந்தன. வாசிக்கிறீர்களா என்று கேட்டேன். சிரித்து மழுப்பினார். விடாமல் கையில் கொடுத்தேன். அவர் விரல் ஒரு கம்பியை அழுத்தும்போது பக்கத்துக் கம்பியையும் சேர்த்து அமுக்கியது. டொக் டொக் என்று மரத்தைத் தட்டும் சத்தம்தான் வந்தது.

சும்மா ஒரு பேச்சுக்கு, சுவரில் இருந்த மற்ற வகையை எடுத்துக் கொடுத்தேன். அதே விரல்கள், அதே கார்டு. ஆறு கம்பியும் தனித்தனியாகப் பேசின. அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் விரல் ஓடும் கிட்டாரின் கழுத்தைப் பார்த்தேன். இரண்டாவதின் கழுத்து முதலாவதைவிட ஒரு நூல் அகலம் கூட. நான் காதில் தேடிக்கொண்டிருந்த வித்தியாசம் இத்தனை நாளும் கைக்குள்தான் இருந்திருக்கிறது. என் கை சின்னது, குறுகலான கழுத்து எனக்கு வாகாக இருந்தது. அந்த வாகைத்தான் இனிமை என்று சொல்லி விற்றிருக்கிறேன். வாங்க வந்தவர்களில் ஒருவர் கையைக்கூட நான் பார்த்ததில்லை. பட்டறைக்காரர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம். அதைச் செய்யாமல் அத்தனை சந்தோஷமாகக் கேட்டார். "அப்ப என்ற வெரலு மேல தப்பில்லீங்களா? இந்தக் கைக்கு இதெல்லாம் ஆகாதுன்னு ஆசையை உட்டுப்போட்டனுங்க, அம்மணி."

முதலாளியின் ஆறுதல்

அவருக்குக் கிட்டாரை மாற்றிக் கொடுத்துவிட்டு நேராக முதலாளியின் மேசைக்குப் போனேன். சிவப்பு விளக்கில் ஆரம்பித்து, வெல்லம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். "நாதத்துல எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலீங்க. கழுத்துதானுங்க வேற. சின்னக் கைக்கு ஒண்ணு, பெரிய கைக்கு ஒண்ணு. ரெண்டுமே வேணுமுங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மனதளவில் உறைப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தும் விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சரி, ரெண்டையும் பாதிப் பாதி வாங்கிக்கொள்ளலாம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் தலையைத் தொங்கப்போட்டு நிற்பதைப் பார்த்து, பாவம் என்று நினைத்து ஆறுதலும் சொன்னார். பட்டறைக்காரர் தன் கையைத் திருப்பிப் பார்த்தது கண்ணிலேயே நிற்க, முதலாளியின் அந்த ஆறுதலைக் கேட்டு நின்றதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வெட்கம். "உங்க காது எப்படீன்னு எனக்கு மொதல்லயே தெரியுமுங்க அம்மணி; உங்ககிட்ட வாங்கீட்டுப் போன ஒருத்தராச்சும் கொறைன்னு சொல்லித் திரும்பி வந்திருக்காங்களா, யாவாரத்துக்கு அது போதாதுங்களா?"

இப்போதெல்லாம் கம்பியை அழுத்தும் இடது கையைக் காட்டச் சொல்லிப் பார்த்துத்தான் கிட்டாரை எடுக்கிறேன் என்றாலும், இடது கையை நீட்டுவது மரியாதையில்லை என்று அத்தனை பேரும் வலது கையையே நீட்டுவதால், எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கிட்டார் விற்பது சுலபம், மரியாதை பார்க்கும் அவர்களிடமிருந்து ஒரு குறையைக் கேட்டு வாங்குவதுதான் பெரும்பாடு.